தோளில் சிவப்பு

"இன்னும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பீங்க மேடம்? கையெழுத்துப் போட்டா அறுத்துத் தள்ளிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

மரம் அறுப்பவர் மூன்றாவது தடவையாக நச்சரித்தார். பக்கத்தில் நின்ற ரோடு மேஸ்திரி தலையாட்டினார்.

பறவை ஆய்வாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொந்துக்குப் பொந்து குஞ்சுகள் கத்துகின்றன, இந்த மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?

பெரிய பச்சைக்கிளி கூடு வைத்திருந்தால் மரத்தைத் தொடக் கூடாது. சின்னப் பச்சைக்கிளி என்றால் ரோட்டுக்காக வெட்டலாம். விதி அப்படி. இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரிதான். பெரியதற்குத் தோளில் சிவப்புத் திட்டு இருக்கும், சின்னதற்கு இருக்காது.

அவள் மேலதிகாரிக்கு போன் போட்டாள்.

"சார், தோள்ல சிவப்பு இருக்கு. ஆனா ஆளு பொடிசு. அலகும் சின்னது."

"பெருசா, சின்னதா? ஏதாவது ஒண்ணைச் சொல்லும்மா."

"அதான் சார் தெரியலை. இன்னொண்ணுக்கு முதுகுல சிவப்பு. இப்ப வந்ததுக்கு உச்சந்தலையில!"

"கொஞ்ச நேரம் நிழல்ல உட்காரும்மா." போன் கட்டானது.

மேஸ்திரி டீ குடிக்கப் போனார். அவள் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாகப் புத்தகத்தைப் புரட்டினாள். அப்போது ஒரு கிளி பொந்திலிருந்து உடம்பை நெருக்கிக்கொண்டு வெளியே வந்தது. பைனாகுலரில் பார்த்தாள். பொந்தின் விளிம்பெல்லாம் சிவப்பு.

அவ்வளவு உயரம் ஏறக்கூடிய ஆள் அங்கே ஒருவர்தான்.

"கையைக் காட்டுங்கண்ணே."

நகக்கண் முழுக்கச் சிவப்பு.

"வெட்டுற மரத்துக்குக் குறி போடுற பொடி மேடம்," என்று அசடு வழிந்தார். "பொந்து வாயில கொஞ்சம் தடவினேன்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போடச் சொல்லி என்னை அந்தப் பாடு படுத்தினீங்க?"

"மேஸ்திரி நின்னாரே!"

"பெரிய கிளின்னு நான் பொய் எழுதணுமா?"

"ஐயையோ, வேண்டாம். குஞ்சுங்க பறக்க இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்குச் சந்தேகமாவே இருக்கட்டும். அப்புறம் நானே வந்து அறுக்கறேன்."

மேஸ்திரி திரும்பி வந்தார். "என்ன கிளி மேடம்?"

அவள் மரத்தைப் பார்த்தாள். மரம் அறுப்பவரைப் பார்த்தாள்.

"ஒரே குழப்பமா இருக்கு. இருபது நாள் கழிச்சு மறுபடி வந்து பார்க்கணும்."

மரம் அறுப்பவர் ரம்பத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரியிடம் சத்தமாக அலுத்துக்கொண்டார்.

"என்னத்தைப் படிச்சாங்களோ! ரெண்டு கிளிக்கு வித்தியாசம் தெரியலை!"