முதலில் வரும் பக்கம்

"வந்துட்டாரு மறுபடியும்!" என்று பல்லைக் கடித்தாள் ட்வைலா.

அயோவாவில், சுற்றிலும் சோளக்காடு சூழ்ந்த சின்ன ஊர். ட்வைலா அந்த ஊர் நூலகர். நூலகத்தின் வெப்சைட்டும் அவள் பொறுப்புதான். வந்தவர் எல்டன், எழுபதைத் தாண்டிய விவசாயி.

"யோசிச்சியாம்மா ட்வைலா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"குளிர்காலத்துக்குக் காய்கறியைக் கெடாம ஜாடியில அடைச்சு வைக்கிறது பத்தி உங்க சைட்டுல ஒரு பக்கம் இருக்குல்ல? அதுல பீன்ஸுக்குன்னு ஒரு லிங்க். அதை எடுத்துட்டு என் சைட்டோட லிங்க்கைப் போடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"நல்லா இருக்கே நியாயம்! அது நானே தேடிப் பிடிச்சுப் போட்டது. ஊர்ல பாதிப் பேரு அதைப் பார்த்துதான் பீன்ஸ் அடைக்கிறாங்க. இந்த வட்டாரத்துல யாரு நெட்டுல தேடினாலும் முதல்ல வர்றதே அதுதான்."

"அது முதல்ல வரக் கூடாதுன்னுதானே நான் அலையறேன்."

முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

"சர்ச் சைட்டுல உங்க லிங்க். தீவனக் கடை சைட்டுல உங்க லிங்க். தீயணைப்பு நிலையத்தைக்கூட விட்டுவைக்கலையாமே! பீன்ஸுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏன், அவங்க பீன்ஸ் சாப்பிடறதில்லையா?" எல்டன் அசரவில்லை. "நல்ல பேரு உள்ள சைட்டுங்க லிங்க் கொடுத்தா, தேடும்போது நம்ம சைட்டு மேல ஏறும். அதுலயும் லைப்ரரி கொடுத்தா அதுக்கு மதிப்பே தனி."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"உன் லைப்ரரி புஸ்தகத்துலதான்."

ட்வைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எல்டனின் மனைவி ஆர்டிஸ் அவளுக்கு உயிர்த்தோழி. பக்கவாதம் வந்து மறுவாழ்வு இல்லத்தில் கிடக்கிறாள்.

"மனசுல பட்டதைச் சொல்லிடறேன் எல்டன். ஆர்டிஸ் அங்க படுத்த படுக்கையா கிடக்கா. நான் பூ எடுத்துட்டுப் போனப்பகூட நீங்க பக்கத்துல இல்ல. சைட்டைத் தூக்கி நிறுத்தறதுக்கு இதுதானா நேரம்? வெக்கமா இல்ல?"

"அவதான் என்னை அனுப்பறா."

"அவளால பேசவே முடியாதே! அவ மேல பழியைப் போடாதீங்க. அப்படி என்னத்தைத்தான் விக்கிறீங்கன்னு இன்னிக்குப் பார்த்துடறேன்."

எல்டன் அந்த லிங்க்கை எத்தனையோ தடவை அனுப்பியிருந்தார். வியாபாரம் என்று நினைத்து அவள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள்.

விற்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு பக்கம்தான்.

'பீன்ஸ் ஜாடியை வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் போதாது. இதற்கென்றே உள்ள பிரஷர் பாத்திரத்தில்தான் வேக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விஷம் உண்டாகலாம். வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. கை, கால், பேச்சு, மூச்சு எல்லாவற்றையும் முடக்கிவிடும்.'

ட்வைலா அவசரமாகத் தன் லிங்க்கைத் திறந்தாள். அழகழகான படங்கள். நடுவில் ஒரு வரி. 'பெரிய பானையில் தண்ணீர் ஊற்றி, ஜாடிகளை அதில் கொதிக்க விடுங்கள்.'

முதல் வேலையாக அந்த லிங்க்கை நீக்கினாள். எல்டனுடையதை அந்த இடத்தில் போட்டாள். எல்டன் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. நான் கிளம்பறேன்."

"நில்லுங்க எல்டன். கை, கால், பேச்சுன்னு போட்டிருக்கே..." அவள் எழுந்து அவரை மறித்தாள். "ஆர்டிஸுக்கு வந்தது பக்கவாதம்தானே?"

எல்டன் அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஊருக்கு அப்படித்தான் சொல்லச் சொன்னா."

"அய்யோ, என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? முதல் நாளே அந்த லிங்க்கைத் தூக்கிப் போட்டிருப்பேனே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். அவ கேக்கல. 'அவ போட்ட லிங்க்கைப் பார்த்து அடைச்ச பீன்ஸாலதான்னு தெரிஞ்சா ட்வைலா உடைஞ்சு போயிடுவா. அவளுக்கு விஷயம் தெரியாம மாத்த வை'ன்னு, அசையற ஒத்தை விரலால எழுத்துப் பலகையில எழுத்தெழுத்தா தட்டிக் காட்டினா."