சேற்றில் ஒரு சம்பந்தி

இன்னும் இரண்டடி. பல் டாக்டர் அதை மட்டும் எடுத்துவைத்தால் போதும், மிச்சத்தைச் சேறு பார்த்துக்கொள்ளும். எதிர்ப் புதருக்குள் குந்தியிருந்த மருந்துக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கடல் உள்வாங்கிய நேரம். சேறு மேலே காய்ந்து, உள்ளே கொழகொழவென்று கிடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, முழங்கால் வரைதான் இறங்கும். போகப்போவது மானம். பறவை பார்க்க வந்த சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் பூங்கா வேலியோரம்தான் நின்றிருந்தார்கள்.

பல் டாக்டர் வேறு யாருமில்லை, இவர் மகனுடைய மாமனார். போன வருடம் இங்கே கருந்தலை மீன்கொத்தியை முதலில் கண்டவர் மருந்துக்கடைக்காரர். ஆசையாகப் போன் செய்து சொன்னார். சம்பந்தி காமிராவோடு ஓடிவந்து படமெடுத்து, கண்டதே தான்தான் என்று சொல்லிச் சங்கத்தில் கேடயம் வாங்கிக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டியபோது இவருக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறந்தால் மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அதனால் வாயை வேறு விதமாகத் திறந்தார். அந்தப் பறவையின் குரலைக் குளியலறையில் பழகினார். முதலில் கதவு கிறீச்சிடுகிறதென்று மனைவி கீலுக்கு எண்ணெய் விட்டாள். போகப்போக, ஏதோ பறவை வந்திருக்கிறதென்று ஜன்னலைத் திறந்து தேட ஆரம்பித்தாள். பழி வாங்க வேளை வந்துவிட்டது என்று இவருக்குப் புரிந்தது.

இன்று தொப்பி நிறையச் சுள்ளியைச் செருகிக்கொண்டு, ஆள் தெரியாமல் அடிமரம் மாதிரி உட்கார்ந்து கூவிக் கூவியே சம்பந்தியைச் சேற்றுப் பக்கம் இழுத்திருந்தார்.

சளக்! முழங்கால் வரை இறங்கிவிட்டார் பல் டாக்டர். வேலியோரம் சிரிப்பு வெடித்தது. நல்லா வேணும் என்று இவர் மனம் குளிர்ந்தார்.

ஆசை யாரை விட்டது? இன்னொரு தடவை, முன்னைவிட உருக்கமாகக் கூவினார். காற்றுக்குத் தொப்பி லேசாகச் சாய்ந்தது. அதைச் சரிசெய்யக்கூட இவர் கையைத் தூக்கவில்லை.

சிரிப்பு சட்டென்று நின்றது. பல் டாக்டர் காலை உருவ முயலவேயில்லை. காமிராவை மெல்லத் தூக்கி நேரே இவர் முகத்துக்குக் குறிவைத்தார்.

அகப்பட்டுக்கொண்டோம் என்று இவர் நினைத்தார். மன்னிப்புக் கேட்டுவிடலாமென்று எழுந்திருக்கப் போனார்.

சேற்றிலிருந்து கெஞ்சலாக, கிசுகிசுவென்று வந்தது குரல்.

"ஆடாதீங்க சம்பந்தி, உங்க தொப்பி மேலதான் உட்கார்ந்திருக்கு."