குளியல் தொட்டியில் வாத்து

அக்காவின் இடது கை அசையக் கூடாது. முன்கையில் குத்தியிருந்த இரண்டு ஊசிகள் வழியாக அவள் ரத்தம் டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது.

அதனால் வலது கை மட்டும்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வீடியோ கேம் கன்ட்ரோலர். சாய்த்தால் வண்டி திரும்பும்; கட்டைவிரலால் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் ஓடும்.

திரையில் அவளுடைய வாத்து, குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி பறந்தது. பின்னால், சக்கரம் வைத்த ஷூவில் தம்பியின் முயல்.

தம்பி லேசுப்பட்ட ஆட்டக்காரன் இல்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பெயர் வாங்கிய அணிக்குத் தலைவன். சட்டையின் முதுகில் ‘வேட்டை’ என்று பட்டப்பெயர். பின்தங்கியவனுக்கு இலவசமாக ராக்கெட் கொடுக்கிற கார்ட்டூன் விளையாட்டை அவன் ஒரு விளையாட்டாகவே மதித்ததில்லை.

“இதெல்லாம் பச்சைப் புள்ளைங்க ஆடுறது, அக்கா. இதுல திறமைக்கு என்ன வேலை?”

“அப்புறம் ஏன்டா உனக்கு வேர்க்குது?”

வேர்க்கத்தான் செய்தது.

அக்காவுக்குப் பொருந்தியது அவனுடைய சிறுநீரகம்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்த அதே வாரத்தில் இறுதிப் போட்டி வந்து விழுந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போடலாமா என்று கேட்க அவனுக்கு நா எழவில்லை.

ஜன்னல் சீட்டு யாருக்கு, பாத்திரம் கழுவுவது யார் என்று சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் பந்தயத்தில் தீர்த்துக்கொண்டவர்கள். இதையும் அப்படியே தீர்க்கலாம் என்றது அவன்தான்.

அவள் ஜெயித்தால் குறித்த நாளில் ஆபரேஷன். அவன் ஜெயித்தால் போட்டிக்குப் பிறகு. எந்த விளையாட்டு என்பது மட்டும் அவள் இஷ்டம்.

முதல் ஓட்டம் அவளுக்கு. இரண்டாவதில் அவன் பின்தங்கி, அந்த இலவச ராக்கெட்டை வைத்தே ஜெயித்தான். வெட்கம் பார்க்கவில்லை.

மூன்றாவதில் ஆரம்பம் முதல் வாத்துதான் முன்னால். கடைசி வளைவும் தாண்டியாயிற்று. கட்டம்போட்ட கொடி தெரிந்தது.

முயல் மூக்கு நீளத்தில் முந்தியது. திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது.

“போடா, போய் ஜெயிச்சுட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?” அக்கா சிரித்தாள்.

ஐந்தாவது வாரம், இயந்திரத்தோடு இணைந்திருக்கும்போதே அவள் இதயம் நின்றுபோனது.

அம்மா கேட்டபோதெல்லாம் அவன் ஒன்றையேதான் சொன்னான். பந்தயம் நியாயமாக நடந்தது, அக்காவே சம்மதித்தாள். அம்மாவும் நம்பினாள். கார்ட்டூன் விளையாட்டுதானே, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

பெரிய மேடைகளில் ஆடிய அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி நொடியில் திரையைப் பார்க்க மாட்டான். எதிராளியின் கையைப் பார்ப்பான்.

கொடிக்குச் சற்று முன்னால், அக்காவின் கட்டைவிரல் பட்டனை விட்டு எழுந்து நின்றது.

அவன் தன் விரலை எடுக்கவில்லை.