அத்தைக்கு அடிவயிற்று வலி

"இன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். அடிவயித்துல அப்படியொரு வலி. நாளைக்குன்னா நான் இருக்கேனோ இல்லையோ" என்று சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள் மாமியார்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில்தான் இதே அத்தை பக்கத்து வீட்டுக்காரியோடு அரை மணி நேரம் நின்றபடியே அரட்டை அடித்திருந்தாள்.

"உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்களேன்."

"பொம்பளை சமாச்சாரம். அவன் எதுக்கு? நீதான் வரணும்."

மருமகளுக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. அதுவும் சனிக்கிழமை, கூட்டம் அலைமோதும். மேனேஜருக்கு போன் போட்டு லீவு கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கிளினிக் மாடியில் இருந்தது. வலியில் துடித்தவள் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். மருமகள்தான் பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றாள்.

'எல்லாம் நடிப்பு. நம்ம லீவுதான் தண்டம்' என்று மனசுக்குள் கருவிக்கொண்டாள்.

"என்ன செய்யுதும்மா?" என்று அந்த அம்மா டாக்டர் கேட்டதுதான் தாமதம், மாமியார் மடை திறந்தாள்.

"மாசா மாசம் பத்து நாள் ரத்தப்போக்கு டாக்டர். கட்டி கட்டியாப் போகுது. போர்வையெல்லாம் நனைஞ்சு, விடியறதுக்குள்ள எழுந்து யாருக்கும் தெரியாம அலசிப் போட வேண்டியிருக்கு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்வை அலசுவது யாருக்குமே தெரியாது என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

டாக்டர் முகம் மாறியது. "இந்த வயசுல இவ்வளவு ரத்தப்போக்கா? உங்களுக்கு மாதவிலக்கு நிக்கலையா?"

"எனக்கா? அதெல்லாம் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் சொன்னது இவ கதை. இவளைப் பாருங்க, நான் சும்மா துணைக்கு வந்தேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருமகளைப் படுக்கச் சொன்னார். ஸ்கேனில், கர்ப்பப்பையில் ஒரு சின்ன நார்க்கட்டி தெரிந்தது.

"பயப்படாதீங்க. நிறையப் பேருக்கு வர்ற சாதாரணக் கட்டிதான். சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க, இப்போதைக்கு மாத்திரை போதும். ரத்தம் ஊற இரும்புச்சத்து தர்றேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்ப்போம். கண்டுக்காம விட்டு வளர்ந்திருந்தா ஆபரேஷன் வரைக்கும்கூடப் போயிருக்கலாம்."

படி இறங்கும்போது மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகளுக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து திட்டித் தீர்த்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"நேராவே சொல்லியிருக்கலாமே அத்தை. இந்த நாடகமெல்லாம் எதுக்கு?"

"முகம் வெளுத்துக் கிடக்கு, டாக்டரைப் பாருன்னு எத்தனை தடவை சொன்னேன்? லீவு கிடைக்காது, லீவு கிடைக்காதுன்னே. உனக்குன்னா கிடைக்காத லீவு, எனக்குன்னா கிடைச்சிடும்னு எனக்குத் தெரியாதா?"