உப்புக் கரித்த கோடை

அந்த ஆண்டு பள்ளி திறந்தது திங்களா புதனா என்று எனக்கு நிச்சயமில்லை. விலைக்கு வாங்கிய நினைவென்றால் பிசகியிருக்காது.

அப்போதெல்லாம் கோடை விடுமுறையைக் கடையில் வாங்கிப் பிள்ளைகளின் நினைவில் ஏற்றிவிடுவார்கள். வடாம் போட்டு விற்கும் அமுதவல்லிக்கு, ஆர்டர் நெருக்கடியில் அது மறந்தே போயிற்று. மகள் நறுமுகை இரண்டு மாதமும் அவளோடு மொட்டைமாடியில் வெயில் காய்ந்தாள். பள்ளி திறந்த அன்று வகுப்பில் பிள்ளை கூனிக்குறுகிப் போவாளே என்று அமுதவல்லி ஜன்னலுக்கு வெளியே தவித்துக்கொண்டிருந்தாள்.

"லீவுல என்ன பண்ணீங்க?" என்றார் டீச்சர். மற்ற முப்பது பேரும் அதே மலை ரயிலில், அதே ஜன்னலோரத்தில், அதே சோளக்கதிரைத் தின்றிருந்தார்கள். கடைசியாக நறுமுகை எழுந்தாள்.

"வடாம் கூழை ருசி பாத்தேன் டீச்சர். உப்பு சரியா இருந்துச்சு. காய்ஞ்சா உப்பு ஏறும்னு எனக்குத் தெரியல. அன்னைக்குப் போட்ட மொத்தமும் கரிப்பு. 'அடியே, கடலையே காய வச்சிட்டியேடி'ன்னு அம்மா சிரிச்சு சிரிச்சு அங்கேயே உக்காந்துட்டாங்க."

முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி ஏக்கமாகக் கேட்டாள்: "டீச்சர், இந்த லீவு எந்தக் கடையில கெடைக்கும்?"

"எங்க மாடியில!" என்றாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற அமுதவல்லி.

அடுத்த கோடையில் முப்பது பேரும் வந்தார்கள். அந்தத் தெருவின் நினைவுக் கடை இப்போது சலூன். நறுமுகை டீச்சராகிவிட்டாள். அமுதவல்லி இன்றும் கூழில் உப்பை ஒரு பிடி குறைத்தே போடுகிறாள்.