தண்ணீர் குடிக்காத கல்

பெட்ரோலியப் பொறியியலின் முதல் வகுப்பில் பேராசிரியர் ஹெப்சிபா ஆண்டுதோறும் செய்வது ஒன்றுதான். தன் ஆராய்ச்சிக் காலத்தில் எண்ணெய்க் கிணற்றின் அடியாழத்திலிருந்து கிடைத்த மணற்பாறைத் துண்டைக் காட்டுவார். “கீழ எண்ணெய் குளமா நிக்கும்னு நெனைக்காதீங்க. இந்த மாதிரி கல்லுக்குள்ளதான் இருக்கும்” என்று சொல்லி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். கல் அதை அப்படியே குடித்துவிடும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்; பிறகு கல் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும்.

ஓய்வுபெறப்போகும் இந்த ஆண்டு பார்த்து, சோதனை காலை வாரிவிட்டது. சொட்டு இறங்காமல் உருண்டு நின்றது. இன்னொன்று விட்டார். அதுவும் நின்றது. அவருக்குக் காது சுட்டது.

“கல்லு மாறிப்போச்சா மேம்?” என்றான் முன்பெஞ்சு இர்பான்.

ஹெப்சிபா கல்லை முகர்ந்து பார்த்தார். தேங்காயெண்ணெய் வாசம். தலைவாரிவிட்டு அவசரமாக வகுப்புக்கு ஓடிவந்த கைகள், கேன்டீன் வடையைத் தின்று கழுவாத கைகள். எத்தனை வருடத்துப் பிள்ளைகள்! அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அதே கல்லுதான்பா. எண்ணெய் ஏறியிருக்கு.”

புடவைத் தலைப்பால் தண்ணீரை ஒற்றிவிட்டுக் கல்லை அவனிடம் நீட்டினார்.

“கடைசி பெஞ்சு வரைக்கும் குடு. எல்லாரும் நல்லா அழுத்திப் பிடிச்சுப் பாருங்க.”