டிக்கெட் இல்லாத பாசி

“பாசி தானா வருதா, இல்ல யாராவது கொண்டு வந்து விடறாங்களா?”

போன வாரம் வெளியே கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே அந்த வீட்டு ஐயா, தொட்டி கழுவ வந்தவளிடம் கேட்டார். மீன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தவள், “தானா வர்றதுதாங்க ஐயா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தூங்குவது போல நடிப்பவனை, அவன் மூச்சு விடுகிற தினுசை வைத்தே எழுப்பி அபராதம் போட்டவர். இப்போது ரயில் இல்லை. கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே காடு மாதிரி செடிகள், நடுவே சின்னச் சின்ன மீன்கள். அதுதான் இப்போது அவருடைய ரயில்.

அதில் வாரம் தவறாமல் பாசி ஏறிக்கொண்டிருந்தது.

பாசி வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள், வராவிட்டால் கூப்பிட மாட்டார்கள். அதுதான் ஏற்பாடு. கூலிக்காக அவளே விடுகிறாளோ என்பதுதான் அவருடைய சந்தேகம். அந்தத் தெருவில் அவள் பார்க்கும் மற்ற மூன்று தொட்டிகளும் அவர் சொல்லிக் கிடைத்தவை. அவர் முகம் சுளித்தால் நாலும் போய்விடும்.

இன்று அவள் வந்தபோது அவர் வெளியே கிளம்பவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பையைக் காட்டு.”

“ஏங்க, வேலைக்கு வந்த பொண்ணுகிட்ட போய்...” என்றார் வீட்டம்மா.

“நீ சும்மா இரு. டிக்கெட் இல்லாம ஏறின முகம் எனக்குத் தெரியும்.”

அவள் பையைக் கவிழ்த்தாள். ரப்பர் குழாய், சுரண்டுகிற பிளேடு, தேய்ந்துபோன பல் பிரஷ், ஒரு துண்டு, பச்சைத் தண்ணீர் நிரம்பிய ஒரு சின்னப் பாட்டில்.

“இது என்ன?”

“கேஸ் அளவு பாக்கற மருந்துங்க ஐயா. தொட்டிக்குள்ள கண்ணாடிக் குமிழ் தொங்குதே, அதுல ஊத்தறது.”

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடி இறுக்கமாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஐயா, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்றேன்.” அவள் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். “அந்தக் குமிழைப் பாருங்க. செடிக்குன்னு வெச்சிருக்கிற சிலிண்டர்லேர்ந்து கார்பன் டை ஆக்சைடு சரியா வந்தா உள்ள இருக்கிற மருந்து பச்சையாகும். அதிகமானா மஞ்சள். வரலைன்னா நீலமாவே நிக்கும். லைட்டு போட்டு நாலு மணி நேரம் ஆச்சு, இன்னும் நீலமா இருக்கு. யாரோ கேஸை மூடறாங்க. வெளிச்சம் இருந்து கேஸ் இல்லைன்னா செடிக்குப் பட்டினி, பாசிக்கு விருந்து. வாரத்துல ஒரு நாள் வர்றவ நான். தினமும் வந்து மூட முடியுமாங்க?”

வீட்டம்மா மெல்ல எழுந்து அடுக்களைப் பக்கம் நகர்ந்தார்.

“உக்காரு. அதையும் பாத்துடலாம்.”

பரிசோதகர் செல்போனை எடுத்தார். போன வாரமே புத்தக அலமாரி மேல் ஒரு சின்ன கேமராவை வைத்திருந்தார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. குற்றவாளியை எதிரில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பது என்று இதுவரை திறக்கவும் இல்லை.

படத்தில் காலை பத்தரை. பரிசோதகர் துண்டோடு குளிக்கப் போகிறார். உடனே ஓர் உருவம் வந்து சிலிண்டர் வால்வை மூடுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் தூங்கப் போகிறார். அதே உருவம் ஜன்னல் திரையை விலக்குகிறது. வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுகிறது. அவர் எழுந்திருக்கும் முன் திரையை இழுத்துவிட்டு உருவம் கேமரா பக்கம் திரும்புகிறது.

வீட்டம்மா.

“நீயா?”

“நான்தான்.”

“எதுக்குடீ?”

“தொட்டி கழுவற அன்னிக்குத்தானே, மீன் துள்றதைப் பாக்க மனசு தாங்கலைன்னு மூணு மணி நேரம் வெளியே போறீங்க? மத்த நாள்ல மொட்டை மாடிக்குப் போனாக்கூட எங்க ஏறறே, எங்க இறங்கறேன்னு கேக்கறீங்க. தொட்டியில பாசி வந்தாத்தான் நான் இந்த வீட்டுல மூச்சு விட முடியுது.”

பரிசோதகர் செல்போனை அணைத்தார். “மன்னிச்சுக்கம்மா” என்று தொட்டிக்காரப் பெண்ணிடம் சொன்னார். மனைவியிடம் சொல்ல வேண்டியதையும் சேர்த்து அவளிடமே சொன்னது போல இருந்தது. பிறகு, “சிலிண்டருக்கும் ஜன்னலுக்கும் பூட்டு வாங்கிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் தொட்டியைச் சுத்தம் செய்து முடித்தாள். கண்ணாடி பளபளத்தது. சாமான்களைப் பையில் அடுக்கும்போது வீட்டம்மா வந்தார். முதலில் அவளுடைய துண்டை எடுத்து அலமாரி மேலிருந்த கேமராவின் மேல் போட்டார்.

“ஏம்மா, கேஸ் பட்டாத்தான் மருந்து பச்சையாகும்னு நீதானே சொன்னே? மூடின பாட்டில்ல அது நீலமாத்தானே இருக்கணும்?”

அவள் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“பயப்படாதே, அவர் கவனிக்கலை. பாசித் தண்ணிதானே அது? ஆறு மாசமா அதைத் திறக்கற வேலையே உனக்கு வைக்காம நான் பாத்துக்கிட்டேன். இனிமே என் கையில ஒண்ணும் இல்லை, தாயே.”

அவள் பாட்டிலைத் திறந்து மொத்தத்தையும் தொட்டிக்குள் கவிழ்த்தாள். காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.